காசநோய் மாத்திரை ஆர்.என்.ஏ.வை என்ன செய்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த காசநோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மாத்திரையை ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் விழுங்க வேண்டும், இருமல் நின்றுவிட்டது என்பதற்காக நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறிவிடும் என்று அக்கட்டுரை திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருந்தது. அத்தனையும் சரியே. ஆனால் அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது, ஏன் ஆறு மாதம், கட்டுப்படாமல் போவது என்றால் என்ன என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. காரணத்தை மறைத்துக் கட்டளையை மட்டும் நீட்டினால் உடம்பு தேறியதும் மனிதர்கள் கட்டளையை மறந்துவிடுவார்கள். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் காரணம் பத்திரிகை வாசகருக்குப் புரியாத ஒன்றன்று என்பதை உறுதியாகச் சொல்வேன். அது ஆர்.என்.ஏ.வைப் பற்றிய காரணம். சிவப்பு நிறத்தில் இருக்கும் ரிபாம்பிசின் என்ற மருந்து காசநோய்க் கிருமி தன் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் வேலையைத் தொடக்கத்திலேயே முடக்கிவிடுகிறது. இதைச் சற்று விரிவாக விளக்க இக்கடிதத்தில் இடம் தருமாறு வேண்டுகிறேன்.

காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் சுமார் 44 லட்சம் எழுத்து இணைகள் உள்ளன. 1998-இல் அதன் முழு வரிசையும் படித்து வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் அதில் அடங்கியிருக்கின்றன. கிருமி உண்பதற்கும், தன் மெழுகுச் சுவரைக் கட்டுவதற்கும், நம் வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதற்கும் தேவையான புரதங்கள் எல்லாவற்றுக்குமான செய்முறை அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் டி.என்.ஏ. தானாக எந்த வேலையையும் செய்வதில்லை. எந்தப் புரதம் இப்போது தேவையோ அதற்குரிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அந்தப் படியைப் பார்த்துத்தான் புரதம் கட்டப்படுகிறது. படியெடுப்பது நின்றால் டி.என்.ஏ. முழுமையாக இருந்தும் கிருமிக்குப் பயனில்லை.

இரண்டு மூலக்கூறுகளுக்கும் இடையிலுள்ள வேதியியல் வேறுபாடு மிகச் சிறியது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக இருக்கிறது. தைமின் என்ற காரத்தின் இடத்தில் யூராசில் இருக்கிறது (எழுத்து என்று நான் சொல்வது இந்தக் காரங்களையே). பெரும்பாலும் அது ஒற்றை இழையாகவே உள்ளது. அந்த ஒரு கூடுதல் ஆக்சிஜன்தான் ஆர்.என்.ஏ.வை எளிதில் உடையக் கூடியதாக்குகிறது. இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. புரதத்துக்கான ஆணையைச் சுமக்கும் படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர்; பாக்டீரியாவில் அது பெரும்பாலும் சில நிமிடங்களே நிலைக்கிறது. அதனால்தான் சூழல் மாறியதும் பழைய ஆணைகள் தாமாகவே மறைந்து புதிய ஆணைகளுக்கு வழிவிடுகின்றன. டி.என்.ஏ. தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டியது, ஆர்.என்.ஏ. அந்த நேரத்துத் தேவைக்கு வந்து போக வேண்டியது. இந்த வேறுபாட்டுக்கு இக்கடிதத்தில் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

படியெடுக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. பாக்டீரியாவில் அது ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. சிக்மா என்ற ஆறாவது புரதம் வந்து சேர்ந்ததும், மரபணு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் எழுத்து வரிசையை அது கண்டுபிடித்து அந்த இடத்தில் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. காசநோய்க் கிருமியிடம் இத்தகைய சிக்மா புரதங்கள் 13 வகை உண்டு. பட்டினி, வெப்பம், அமிலம் என்று எந்த நெருக்கடி வருகிறதோ அதற்கேற்ற சிக்மா பாலிமரேஸை வேறு மரபணுக்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. பற்றிக்கொண்ட பிறகு நொதி டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் அளவுக்கு மட்டும் பிரிக்கிறது. பிரிந்த இழைகளில் ஒன்று வார்ப்பாக அமைகிறது. அதில் அடினைன் இருந்தால் யூராசிலும், தைமின் இருந்தால் அடினைனும், குவானைன் இருந்தால் சைட்டோசினும், சைட்டோசின் இருந்தால் குவானைனும் எதிரே வந்து அமர, நொதி அவற்றை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே முன்னேறுகிறது. பின்னால் டி.என்.ஏ. மறுபடி மூடிக்கொள்கிறது. புதிய ஆர்.என்.ஏ. இழை, நொதியின் உடலிலுள்ள ஒரு தடம் வழியே வெளியே வருகிறது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் இந்த வேலை நொடிக்கு 40 முதல் 80 எழுத்துகள் என்ற வேகத்தில் நடக்கிறது.

தொடக்கம்தான் இதில் கடினமான கட்டம். முதல் இரண்டு மூன்று எழுத்துகளை இணைத்ததும் அந்தச் சிறு துண்டு பலமுறை நழுவி விழுந்துவிடும். நொதி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஏறத்தாழ பத்து எழுத்துகளைத் தாண்டிய பிறகே பிடி உறுதிப்படுகிறது. சிக்மா விலகுகிறது. நொதி மரபணுவின் கடைசிவரை தடையின்றி ஓடுகிறது. ரிபாம்பிசின் தாக்குவது இந்தத் தொடக்கக் கட்டத்தைத்தான்.

அது எப்படித் தாக்குகிறது என்பது 2001-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் செத் டார்ஸ்டின் குழுவினர் நொதியையும் மருந்தையும் சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தபோது தெளிவாயிற்று. பாலிமரேஸின் பீட்டா என்ற துண்டில், எழுத்துகள் இணைக்கப்படும் இடத்துக்கு மிக அருகே ஒரு பள்ளம் இருக்கிறது. மருந்து அதில் போய் உட்காருகிறது. எழுத்துகளை இணைக்கும் இடத்தை அது தொடுவதே இல்லை. ஆகவே முதல் இணைப்பு நடக்கிறது, இரண்டாவதும் நடக்கலாம். ஆனால் இரண்டு மூன்று எழுத்து நீளத்தை எட்டியவுடன் புதிய ஆர்.என்.ஏ.வின் முனை மருந்தின்மேல் மோதி நின்றுவிடுகிறது. இடியாப்ப உரலின் கண்ணில் கல் சிக்கிக்கொண்டால் மாவை எவ்வளவு அழுத்தியும் இழை இறங்காததைப் போல, நொதி சரியாக இருந்தும், எழுத்துகள் கைவசம் இருந்தும், படி வெளியே வருவதில்லை. இதில் கவனிக்கத் தக்க இன்னொன்றும் உண்டு. மருந்து வருவதற்கு முன்பே ஆர்.என்.ஏ. நீண்டு அந்தத் தடத்தை நிறைத்திருந்தால் மருந்துக்கு அங்கே இடம் கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும் நொதி தன் வேலையை முடித்துவிடும். அடுத்த முறை புதிதாகத் தொடங்க வரும்போதுதான் அது மாட்டிக்கொள்ளும். ஒரு தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று அளக்க விரும்பும் ஆய்வாளர்கள் இந்தத் தன்மையையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். ரிபாம்பிசினை ஊற்றிப் புதுப் படிகள் தொடங்காமல் தடுத்துவிட்டு, பழையவை எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்க்கிறார்கள்.

இம்மருந்தின் மூலம் ஒரு மண் பாக்டீரியா. 1957-இல் பிரான்சின் மத்தியதரைக்கடல் கரையோரத்தில் எடுக்கப்பட்ட மண்ணிலிருந்து, மிலான் நகரின் லெபெட்டி ஆய்வகத்தார் ரிபாமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைத் திருத்தி, வாய்வழி உட்கொள்ளத்தக்க ரிபாம்பிசினாக மாற்றுவதற்கு 1960-களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. அது ஆர்.என்.ஏ. படியெடுத்தலைத் தடுக்கிறது என்பது 1967-இல்தான் ஜெர்மானிய ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. தூது ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு என்பதையே சிட்னி பிரென்னர், பிரான்சுவா ஜேக்கப், மேத்யூ மெசல்சன் ஆகியோர் கலிபோர்னியாவில் செய்த ஆய்வு உறுதிப்படுத்தி வெளியானது 1961-இல் என்பதை நினைத்துப் பார்த்தால், மருந்தும் உயிரியலும் எவ்வளவு நெருங்கி நடந்தன என்பது விளங்கும்.

அதே ஆண்டுகளில் சென்னையில் நடந்ததையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார அமைப்பும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அதுவே. காசநோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்துச் சத்துணவு கொடுத்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், ஏழை வீடுகளில் இருந்தபடியே மாத்திரை உட்கொண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைகிறார்கள் என்று 1959-இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு அதுவே அடிப்படை. அப்போது கைவசம் ரிபாம்பிசின் இல்லை. சிகிச்சைக்கு ஓராண்டு தேவைப்பட்டது. பிற்காலத்தில் ரிபாம்பிசினும் பைரசினமைடு என்ற மருந்தும் சேர்ந்த பிறகே அது ஆறு மாதமாகக் குறைந்தது. குறுகிய காலச் சிகிச்சைக்கான ஆய்வுகளிலும் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆக, ஆறு மாதம் என்பது நீளமாகத் தோன்றினாலும் அது சுருக்கப்பட்ட காலம். அதைச் சுருக்கியதில் பெரும் பங்கு ஆர்.என்.ஏ.வைத் தடுக்கும் மருந்துக்கு ஏன் கிடைத்தது? காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும்போது, இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகளை, ரிபாம்பிசினோடு சேர்த்துத் தரப்படும் ஐசோனியசிட் முதல் சில நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடும். ஏனெனில் அது சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்து, பெருகுகிறவைதான் சுவர் கட்டுகின்றன. ஆனால் நுரையீரலில் ஒரு சிறு பகுதிக் கிருமிகள் பிரியாமல், ஏறக்குறைய உறங்கிய நிலையில் கிடக்கும். அவை சுவர் கட்டுவதில்லை. ஆனால் எப்போதாவது சிறிது நேரம் விழித்து, தேவையான சில புரதங்களுக்காக ஆர்.என்.ஏ. படியெடுக்கத் தொடங்கும். அந்தக் குறுகிய விழிப்பின்போது ரிபாம்பிசின் அருகில் இருந்தால் அவை மடிகின்றன, இல்லாவிட்டால் தப்பித்து மறுபடி உறங்கிவிடுகின்றன. சென்னை ஆய்வுகளோடு தொடர்புடையவரான பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிட்சிசன் தந்த விளக்கம் இது. இரண்டாவது மாதத்தில் இருமல் நிற்பது பெருகிக்கொண்டிருந்த கிருமிகள் ஒழிந்ததற்கு அடையாளம். உறங்குபவை எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாததால்தான், அவை விழிக்கும் நாளில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், மீதி நான்கு மாதமும் நாள் தவறாமல் மாத்திரை தேவைப்படுகிறது. இந்த ஒரு பத்தியைத் தங்கள் கட்டுரை சொல்லியிருந்தால் போதும் என்று எண்ணுகிறேன்.

இனி, கட்டுப்படாமல் போவது என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். படியெடுக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ.வை, புரதத்தைக் கட்டும் ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. நான்கு எழுத்துகளில் மூன்றெழுத்துச் சேர்க்கைகள் 64 அமைகின்றன. அவற்றில் 61 சேர்க்கைகள் புரதத்தின் கட்டுக்கற்களான இருபது அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று மட்டும் நிறுத்து என்று சொல்பவை. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் ஒரு சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும், மார்ஷல் நிரன்பர்க், ராபர்ட் ஹாலி ஆகியோரும் இந்தக் குறியீட்டை விளக்கியதற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பாலிமரேஸின் பீட்டா துண்டுக்கான தூது ஆர்.என்.ஏ.வில், மருந்து உட்காரும் பள்ளத்தை ஒட்டி, 450 என்று எண்ணிடப்படும் இடத்தில் பொதுவாக யு.சி.ஜி. என்ற மூன்றெழுத்து வரும். அது செரின் என்ற அமினோ அமிலத்தைக் குறிப்பது. டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது அதற்குரிய இடத்தில் நடு எழுத்து ஒன்று மட்டும் பிழையாகிவிட்டால், படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் அது யு.யு.ஜி. என்று வரும். ரைபோசோம் செரினுக்குப் பதிலாக லியூசினைச் சேர்த்துவிடும். லியூசின் பருத்தது. அது வந்து அமர்ந்ததும் ரிபாம்பிசின் அந்தப் பள்ளத்தில் பொருந்துவதில்லை. ஆனால் படியெடுக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். 44 லட்சம் எழுத்துகளில் ஒன்றே ஒன்று மாறியதால் மருந்து செயலற்றுப் போகிறது. உலகெங்கும் ரிபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமிகளில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இதுவே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆர்.என்.ஏ. பாலிமரேஸும் பிழை செய்யும், டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கும் நொதியைவிட மிக அதிகமாகவே செய்யும். ஆனால் ஆர்.என்.ஏ.வில் நேர்ந்த பிழை அந்தப் படியோடு சில நிமிடங்களில் அழிந்துவிடுகிறது. டி.என்.ஏ.வில் நேர்ந்த பிழைதான் வழித்தோன்றல்கள் அனைத்துக்கும் போகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத தன்மை பரம்பரையாக வருவதற்குக் காரணம், அது படியில் நேர்ந்த பிழையாக இல்லாமல் மூலத்தில் நேர்ந்த பிழையாக இருப்பதே. மேலும், பாலிமரேஸுக்கான மரபணுவைப் படியெடுப்பதும் அதே பாலிமரேஸ்தான். மாறிய கிருமி, தன் பழைய நொதியைக் கொண்டே புதிய நொதிக்கான ஆணையைப் படியெடுத்துக்கொள்கிறது. மாணவர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் எனக்கே வியப்பு அடங்கியதில்லை.

மருந்து இந்தப் பிழையை உண்டாக்குவதில்லை என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ பத்துக் கோடிக் கிருமிகளில் ஒன்றில் ரிபாம்பிசினுக்கு எதிரான மாற்றம் இயல்பாகவே ஏற்பட்டிருக்கும். நுரையீரலில் ஒரு குழியிலேயே பத்துக் கோடிக் கிருமிகள் இருக்க முடியும். ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே அத்தகைய ஒன்றிரண்டு அங்கே இருக்கலாம். ரிபாம்பிசினை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து அது ஒன்று மட்டும் பெருகும். ஐசோனியசிடுக்கு எதிரான மாற்றம் பத்து லட்சத்தில் ஒன்றில் நேர்கிறது. இரண்டும் ஒரே கிருமியில் சேர்ந்து அமைவதற்கான வாய்ப்பு, நோயாளியின் உடலில் உள்ள மொத்தக் கிருமிகளைக் கணக்கிட்டாலும் மிகமிகக் குறைவு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தரப்படுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். மாத்திரையை விட்டுவிட்டு உட்கொள்பவரின் உடலில் மருந்தின் அளவு ஏறி இறங்கும்போது, கட்டுப்படும் கிருமிகள் குறைவதும் கட்டுப்படாதவை மிஞ்சுவதுமாக அந்தக் கணக்குப் பிசகுகிறது.

காசநோய் மருந்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நாம் பள்ளியில் படித்த பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் மாக்சிஃப்ளாக்சசின், டி.என்.ஏ.வின் முறுக்கைச் சீர்செய்யும் நொதியைத் தடுக்கிறது. ரிபாம்பிசின் ஆர்.என்.ஏ.வைத் தடுக்கிறது. லைனசோலிட், ஆர்.என்.ஏ.வைப் புரதமாக்கும் ரைபோசோமைத் தடுக்கிறது. காசநோய்க்குக் கிடைத்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் ரைபோசோமில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. அது மூன்றெழுத்துகளைத் தவறாகப் படிக்க வைத்துப் பிழையான புரதங்களை உண்டாக்குகிறது. அது ரைபோசோமில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதை 2000-ஆம் ஆண்டு படம்பிடித்துக் காட்டியவர்கள், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழுவினர். ரைபோசோம் ஆய்வுக்காக அவர் 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. அந்த ஆய்வுக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கும் இருந்த நேரடித் தொடர்பை அப்போது யாரேனும் எழுதியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நம் உயிரணுக்களும் இதே முறையில்தான் ஆர்.என்.ஏ. படியெடுக்கின்றன எனில் மருந்து நம்மை ஏன் முடக்குவதில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நம் உட்கருவில் மூன்று வகை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள் உள்ளன. அடிப்படை அமைப்பு ஒன்றுபோல இருந்தாலும் ரிபாம்பிசின் உட்காரும் பள்ளம் அவற்றில் அதே வடிவில் இல்லை. இதற்கு நேர்மாறாக, சாவுத்தொப்பி எனப்படும் ஐரோப்பியக் காளானின் நஞ்சு நம்முடைய இரண்டாம் பாலிமரேஸை முடக்கிக் கல்லீரலை அழித்துவிடும். ஒரே வேலையைச் செய்யும் இரு நொதிகளுக்கு இடையிலான சிறு வடிவ வேறுபாடுதான் ஒன்றை மருந்தாகவும் மற்றொன்றை நஞ்சாகவும் ஆக்கியிருக்கிறது. லைனசோலிட் இந்த வகையில் அவ்வளவு பாதுகாப்பானதன்று. நம் உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ரைபோசோம்கள் பாக்டீரியாவின் ரைபோசோம்களை ஒத்தவை என்பதால், நீண்டநாள் உட்கொள்பவர்களுக்கு இரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரக்கூடும்.

ரிபாம்பிசின் நம் உடலில் ஆர்.என்.ஏ. படியெடுத்தலைத் தடுப்பதில்லை, ஆனால் ஓரிடத்தில் அதைக் கூட்டிவிடுகிறது. கல்லீரல் அணுக்களில் உள்ள ஓர் உணர்வுப் புரதத்தோடு அது சேரும்போது, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு படியெடுக்கப்படுகின்றன. அதன் விளைவாகக் கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்துகள் சில ஆகியவை விரைவில் சிதைந்து பலன் குறைந்துபோகின்றன. காசநோய்ச் சிகிச்சையிலிருக்கும் இளம் பெண்கள் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது என்ற கவலை எனக்கு உண்டு. எங்கள் தெருவிலுள்ள ஓர் அம்மையார், மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு இரத்தம் போகிறதென்று அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்திவிட்டார். அது மருந்தின் சொந்த நிறம், வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும், அதனால் தீங்கில்லை என்று மாத்திரை கொடுத்த இடத்தில் அவருக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அரை நிமிடத்தில் சொல்லிவிடக் கூடிய செய்தி அது.

பரிசோதனையைப் பற்றியும் ஒரு சொல். இப்போது அரசு மையங்களில் சளியை எடுத்து சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் கருவியில் வைத்து, கிருமி இருக்கிறதா, ரிபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். சி.பி.நாட் பார்ப்பது, நான் மேலே குறிப்பிட்ட அந்தப் பள்ளத்துக்குரிய 81 டி.என்.ஏ. எழுத்துகளை. ரிபாம்பிசினுக்குக் கட்டுப்படாமையை உண்டாக்கும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறிய பகுதிக்குள்ளேயே நேர்கின்றன. ஆனால் டி.என்.ஏ. உறுதியானது. கிருமி செத்த பிறகும் அது நெடுநாள் கிடக்கும். எனவே சிகிச்சை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே இப்பரிசோதனையில் கிருமி இருப்பதாகக் காட்டலாம். குணமாகிறதா என்று பார்க்க இது பயன்படுத்தப்படுவதில்லை என்பதையும், அதற்கு உருப்பெருக்கியிலும் வளர்ப்பு முறையிலும் செய்யும் சளிப் பரிசோதனைகளே உரியவை என்பதையும் அறியாமல், தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டி மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்து மனம் உடைந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஆர்.என்.ஏ. உயிருள்ள கிருமியில்தான் தொடர்ந்து உண்டாகும், செத்ததும் விரைவில் சிதையும். ஆகவே ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை அளந்து உயிருள்ள கிருமிகளைக் கணக்கிடும் முறைகளை ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். எளிதில் உடையும் அதன் இயல்பே அங்கே பயனாகிறது.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். மருத்துவப் பக்கத்தில் ஒரு கிருமியின் படத்தை வரைந்து, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், ரைபோசோம், சுவர் என்று நான்கு இடங்களைக் குறித்து, எந்த மாத்திரை எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று அம்புக்குறியிட்டு அரைப் பக்கம் வெளியிடுங்கள். அதோடு, சிறுநீர் நிறம் மாறுவதையும் கருத்தடை மாத்திரை பலன் குறைவதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கத்தரித்து வைத்துக்கொள்ளக் கூடிய அளவில் இருந்தால், காசநோய் மையங்களின் சுவரில் அதை ஒட்டிவைக்கப் பலர் முன்வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படியெடுத்தல் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் அந்தப் படத்தை வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். நொதியின் துண்டுகளை ஆல்பா, பீட்டா, சிக்மா என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவருக்கு, அந்தப் பீட்டாவில்தான் தன் உறவினர் ஒருவர் விழுங்கும் சிவப்பு மாத்திரை போய் அமர்கிறது என்று தெரிந்தால் பாடம் மறக்காது. அந்த உறவினரின் மாத்திரைச் சீட்டில் எத்தனை மீதமிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும் வீட்டில் ஒருவர் கிடைப்பார். படத்துக்கான வரைவும் விளக்கக் குறிப்புகளும் தேவைப்பட்டால் எழுதி அனுப்பச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்,
கும்பகோணம்